முதலாளி கேட்டும் போடாத சுவிட்ச்

கம்பெனி வேலையை விட்டுவிட்டு நம் கரண்ட் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களுக்கும், அவர்களோடு கம்பம் ஏற வந்திருக்கும் இரண்டு தங்கச்சிமார்களுக்கும் இதை எழுதுகிறேன். போன வாரம் நான் செக்ஷன் ஆபீஸ் பக்கம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர், "ஏனுங்க பெரியவரே, கம்பெனில ஒரு மணி நேரத்துல முடிக்கிற வேலைக்கு இங்க அரை நாள் நிக்க வெக்கறாங்களே" என்று அலுத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரை லைனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் யாரோ ஓய்வு பெற்றவர் பொழுது போகாமல் எழுதுகிறார் என்று மடித்து வைத்துவிடுவீர்கள். படித்தது எட்டாவது. அதிலேயும் கடைசி வருஷம் பள்ளிக்கூடத்தைவிடப் பக்கத்து மோட்டார் கட்டுகிற பட்டறையில்தான் அதிகம் இருந்தேன். உதவியாளனாக இந்தத் துறைக்குள் நுழைந்து போர்மேனாக வெளியே வந்தேன். சிபாரிசு கிடையாது, சொந்தக்காரன் கிடையாது. டிரான்ஸ்பார்மர் பக்கமாக வண்டியில் போகும்போதே லோடு ஏறியிருக்கிறதா இல்லையா என்று காதால் சொல்லுவேன். அவிநாசியிலிருந்து பெருந்துறை வரைக்கும் நான் இழுத்துக் கட்டிய கம்பி எத்தனையோ காற்றடிக்கும் மழைக்கும் நின்றிருக்கிறது. இன்ஜினீயருக்குப் படித்தவர்களே சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இல்லாததைச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் நான் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். அவிநாசிக்கு வெளியே தோட்டங்களுக்கு நடுவில் இருந்த மில். பதினைந்து வருஷம். முதலாளி நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. என் கல்யாணத்துக்கு எனக்கு முன்னாலேயே மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். வேலையில் மட்டும் அவருக்கு ஒரே ஒரு மந்திரம்தான், மிஷின் நிற்கக் கூடாது. நூல் மில்லில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலே போதும், நூல் சுற்றுகிற ஆயிரக்கணக்கான கதிர்களில் இழை அறுந்து தொங்கும். ஒவ்வொன்றையும் பெண்கள் கையால் எடுத்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அந்தப் பதைப்பு முதலாளியிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. தூக்கத்தில்கூட மிஷின் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வேன்.

ஒரு நாள் மெயின் போர்டில் ஒரு இணைப்பு சூடேறிச் சிவந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் மில் முழுக்க நிற்கும். முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "நிறுத்தாம வேலைய முடிச்சுரு மணி" என்றார். முடித்துவிட்டேன். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கினேன். அந்த வேலையை அப்படிச் செய்ய அன்று இந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை, இன்றைக்கும் சொல்லுவேன். முதலாளி எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் கட்டிக்கொண்டு காட்டினேன். என் வீட்டுக்காரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கையில் முடி கருகியிருந்ததை முகர்ந்து பார்த்தாள்.

"இந்தக் கைக்கு இன்னொண்ணு வாங்கித் தருவாரா உங்க மொதலாளி?" என்றாள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் யோசிக்காமல் போனதற்கு அந்தக் கேள்விதான் காரணம். வயர்மேன் உதவியாளர் சான்று ஏற்கெனவே எழுதி வாங்கி வைத்திருந்தேன். மில்லில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. முதலாளியிடம் சொல்லப் போனேன்.

"ஏப்பா, இங்க ராசா மாதிரி இருந்துட்டு அங்க போயிக் கம்பம் ஏறப் போறயா?"

"ஆமாங்க."

"போ போ. மூணே மாசம். நீயே திரும்பி வாரயா இல்லையான்னு பாரு."

திரும்பிப் போகவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் இந்த ஆபீஸ் எனக்குச் சுலபமாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "மில்லுக்காரரே" என்றே கூப்பிட்டார்கள். நான் வேகமாகச் செய்தால் சிரித்தார்கள். "மெதுவாங்க மில்லுக்காரரே, இங்க யாரும் நூல் எடுக்கறதில்ல" என்பார் ரங்கசாமி. எனக்கு முன்னாலிருந்தே கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர், வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. இன்னொருவர் பீட்டர். சின்ன வயசு, அதிகம் பேசமாட்டார், கம்பத்தில் ஏறினால் அணில்.

எங்களுக்கு மேலே ஒரு போர்மேன் இருந்தார். அவரிடம்தான் நான் இந்த வேலையைக் கற்றேன். மில்லில் கற்றதில் பாதியை மறந்ததும் அவரிடம்தான். அவருடைய செக்ஷனில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். லைனில் வேலை செய்வதற்காகச் சுவிட்சை இறக்கிப் பூட்டினால், வேலை முடிந்த பிறகு மேலே ஏறிய ஒவ்வொரு ஆளும் தானே நடந்து வந்து அந்தச் சுவிட்ச் கம்பத்தைக் கையால் தொட வேண்டும். கடைசி ஆள் தொட்ட பிறகுதான் பூட்டைத் திறப்பார்கள். லைன் கிளியர் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த லைனை என் பேரில் நிறுத்தி வை என்று ஒருவர் வாங்குவது, வாங்கியவரே திருப்பிக் கொடுத்தால்தான் லைனுக்கு உயிர் வரும். அது சட்டம். இந்தத் தொடுகிற வழக்கம் அதற்கும் மேலே எங்கள் போர்மேன் போட்ட சட்டம்.

சேர்ந்த புதிதில் ஒரு தடவை ஒரு சின்ன வேலை முடிந்தது. ரங்கசாமியும் பீட்டரும் இறங்கிவிட்டார்கள், நானே பார்த்தேன். மில்லில் நான்தானே எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லுவேன், அந்தப் பழக்கத்தில் ரோட்டில் நின்றுகொண்டே சுவிட்சடியில் இருந்தவரைப் பார்த்து, "முடிஞ்சுதுங்க, எல்லாரும் எறங்கியாச்சு, போடுங்க" என்று கத்தினேன். போர்மேன் கையைக் காட்டி நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கம்பத்தைத் தொட வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"பீட்டருக்கு வாய் இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்ப அவன் உசுரை நீ எதுக்குப் பேசற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், அன்று நான் சொன்னது சரி. மூன்று பேரும் இறங்கித்தான் இருந்தோம். ஆனால் அதற்குப் பிறகு நான் அடுத்தவன் பேரில் "இறங்கியாச்சு" என்று சொன்னதே இல்லை.

இனி முக்கியமான விஷயம்.

சித்திரையில் ஒரு மத்தியானம் காற்றும் மழையுமாக அடித்து, ஒரு பெரிய வேப்பங்கிளை முறிந்து லைன் மேல் விழுந்தது. மெயின் ரோட்டிலிருந்து தோட்டங்களுக்குள் பிரிந்து போகிற கிளை லைன். அந்த லைனில்தான் விசைத்தறிக் கூடங்கள் வரிசையாக இருந்தன. அதன் கடைசியில் என் பழைய மில்லும் இருந்தது. போர்மேன் தன் பேரில் லைனை வாங்கிக்கொண்டார். ரோட்டோரம் இருந்த சுவிட்சின் கைப்பிடியை இறக்கிப் பூட்டினோம். சாவியை என் கையில் கொடுத்தார்.

"மில்லுக்காரா, நீ இங்கயே நில்லு. நாங்க மூணு பேரும் வந்து தொடற வரைக்கும் சாவி உன்ற கைல."

"ஆகட்டுங்க."

"எவன் வந்து சொன்னாலும்."

"சரிங்க."

மூவரும் ஓடையைத் தாண்டித் தோட்டத்துக்குள் போனார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஓடையைப் பள்ளம் என்பார்கள், வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும். போர்மேனிடம் அப்போது செல்போன் கிடையாது. செல்போன் வைத்திருந்தவர்களே ஊருக்கு நாலைந்து பேர்தான். நான் சுவிட்ச் கம்பத்துக்கு அடியில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது புரபேஷன் முடியவில்லை. ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். மில் வேலையை விட்டாயிற்று. வயசு முப்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. இதையும் நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்டதும் தறிக் கூடத்து ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தறி ஓடினால்தான் அவர்களுக்குக் கூலி. முதலில் தன்மையாகத்தான் கேட்டார்கள்.

"ஏனுங்க, எப்பங்க வரும் கரண்ட்டு?"

"வேலை நடக்குதுங்க. முடிஞ்சதும் வந்துரும்."

கொஞ்ச நேரத்தில் தோட்டத்துப் பக்கமிருந்து சைக்கிளில் ஒருவர் வந்தார். தறிக் கூடத்து மேஸ்திரி. "கிளையெல்லாம் வெட்டித் தள்ளியாச்சு. அவிங்க எறங்கிட்டாங்க. நான் கண்ணால பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார். கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவிங்க வரட்டுங்க" என்றேன்.

"நான் பாத்தேங்கறனல்ல?"

"நீங்க பாத்தீங்க. சித்தெ இருங்க, வந்துருவாங்க."

"அடேங்கப்பா, கவர்மெண்ட் சம்பளம் வந்ததும் எழுந்து நின்னு ஒரு கைப்பிடிய மேல தள்ளறதுக்குக்கூட ஒடம்பு வளைய மாட்டேங்குது பாரு" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், "சாவியக் குடுங்க, நாங்களே போட்டுக்கறோம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். நான் சாவியை எடுத்து பேண்ட்டுக்குள் போட்டிருந்த டவுசரின் பையில் போட்டுக்கொண்டேன். "வேணுங்கறவங்க கைய உட்டு எடுத்துக்குங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் யாரும் கையை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் என் முதலாளி.

கூட்டம் வழி விட்டது. நான் எழுந்து நின்றேன், பழக்கதோஷம். ரோட்டுச் சேற்றில் செருப்போடு என் முன்னால் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் மில்லுக்குள் நிற்கிற மாதிரியே எனக்கு இருந்தது. எத்தனை மிஷின் நின்றிருக்கும், எத்தனை கதிரில் நூல் தொங்கும் என்று என் மனசு தானாகவே கணக்குப் போட்டது.

"ஜெனரேட்டரு ரிப்பேருக்குப் போயிருக்குது மணி. ராத்திரி லோடு ஏத்தோணும். அத்தனையும் நின்னு கெடக்குது. அவிங்க எறங்கியாச்சுங்கறாங்க. போடு."

"மொதலாளிங்க, அவிங்க மூணு பேரும் வந்து இந்தக் கம்பத்தத் தொடோணுங்க. அப்பறமேட்டுத்தான்."

"என்னது?"

மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி கேட்டது. கூட்டத்தில் ஒருவர், "ஐஸ் நம்பர் விளையாடறாங்கோ" என்றார். முதலாளி சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து நம் உதவிப் பொறியாளருக்குப் போட்டார். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தம்பி அவர். முதலாளி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என் காதில் வைத்தார்.

"மணியண்ணா, எல்லாரும் இறங்கியாச்சாம். லைன சார்ஜ் பண்ணிருங்க, கரண்ட்ட விட்டுருங்க."

"போர்மேன் உங்ககிட்ட சொன்னாருங்களா சார்?"

"இல்ல, அங்க பாத்தவங்க சொல்றாங்க. நான் சொல்றேன்ல, போடுங்க. மேல இருந்து எனக்குப் போன் மேல போன் வருது."

ரங்கசாமியை நினைத்துக்கொண்டேன். அந்த மனிதருக்கு ஒரு குணம். வேலை முடித்து இறங்கிப் பத்தடி நடந்த பிறகு, கட்டு சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்து திரும்ப ஏறுவார். இறங்கியதைப் பார்த்தவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் சைக்கிளைத் திருப்பிய பிறகு ரங்கசாமி என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியாது. அந்தத் தம்பிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

தம்பிமார்களே, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். என்னைச் சுற்றி நின்ற யாரும் கெட்டவர்கள் இல்லை. பொய் சொல்லவில்லை. மிரட்டக்கூட இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். பழைய முதலாளி கேட்கிறார், புதிய அதிகாரி உத்தரவு போடுகிறார். கம்பெனியாக இருந்தால் இதில் ஒன்றே போதும். கை தானாகவே மேலே போயிருக்கும். என் கை அன்று போகப் பார்த்தது. கைப்பிடி என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன்.

"மாட்டனுங்க சார்" என்றேன் போனில். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை பாதிதான் வந்தது. மறுபடி சொன்னேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி வாங்கவில்லை. அவர் டிரைவர் வாங்கிக்கொண்டார்.

"ஏப்பா," என்றார் மெதுவாக, "நான் உனக்கு என்ன கொறை வெச்சேன்?"

ஒரு குறையும் வைக்கவில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றேன். எல்லாரும் காத்து நின்றோம். ரோட்டில் பஸ் போனால் சத்தம், மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். அவ்வளவு நேரம் நின்றது எனக்கு ஒரு பொழுது மாதிரி இருந்தது.

கடைசியில் நாங்கள் எதிர்பார்த்த பக்கமிருந்து இல்லாமல், மெயின் ரோட்டு வழியாக மூவரும் நடந்து வந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு. சைக்கிள்காரர் தாண்டிய பிறகு பள்ளத்தில் தண்ணீர் புரண்டு வந்துவிட்டதால் தாண்ட முடியாமல் பாலத்தைச் சுற்றி வந்திருக்கிறார்கள். கூட்டத்தையும் காரையும் பார்த்து ரங்கசாமி, "என்னங்க, யாருக்குக் கலியாணம்?" என்றார். பீட்டர் நேராக வந்து கம்பத்தைத் தொட்டார். ரங்கசாமி தொட்டார். போர்மேன் கடைசியாகத் தொட்டார். நான் சாவியை எடுத்தேன்.

"நீங்க எப்பங்க எறங்குனீங்க?" என்று முதலாளி ரங்கசாமியைக் கேட்டார்.

"அப்பவே எறங்கிட்டமுங்க. சுத்திட்டு வாரதுக்குத்தான் இத்தன நேரம்."

"மறுபடி ஏறுனீங்களா?"

"இல்லீங்க. எதுக்கு ஏறோணும்?"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் மாட்டேன் என்று நின்ற அத்தனை நேரமும் மேலே யாரும் இல்லை. சைக்கிளில் வந்தவர் சொன்னது முழு உண்மை. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். நான் சுவிட்சைப் போட்டேன். தறிகள் ஓடுகிற சத்தம் தோட்டத்துக்குள்ளிருந்து வந்தது. போர்மேன் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். "டீ குடிச்சயா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டே நாளில் புகார் வந்துவிட்டது. எழுத்து மூலமாக, நேராகப் பெரிய இன்ஜினீயருக்கு. அதிகாரி சொல்லியும் கீழ்ப்படியவில்லை, வேண்டுமென்றே தாமதம் செய்தான், தொழிலுக்கு நஷ்டம். எல்லாம் உண்மைதான். அந்த நஷ்டத்தை நான் மறுக்கவில்லை. தறிக்காரர்களுக்குக் கூலி போனது, மில்லில் நூல் போனது.

ஆபீஸில் கிளார்க் நல்லெண்ணத்தில் ஒரு வழி சொன்னார். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துருங்க. அவரும் வாபஸ் வாங்கிக்குவாரு. புரபேஷன்ல இருக்கறவரு, எதுக்கு வம்பு?" உதவிப் பொறியாளரும் அதையே சொன்னார். அந்தத் தம்பிக்குப் பயம். தான் போனில் சொன்னது வெளியே வருமே என்று.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மன்னிப்புக் கேட்டா கை என்ன தேஞ்சா போயிரும்?"

"தேயாது அம்மணி. ஆனா அடுத்த மழைக்கு எல்லாரும் வந்து போடுன்னுவாங்க. மாட்டேன்னா, போன தடவ மன்னிப்புக் கேட்டயேன்னுவாங்க."

"மில்லையும் உட்டுபோட்டு இதையும் உட்டுபோட்டு என்னங்க பண்றது?"

"மோட்டார் கட்டுவேன். எட்டாவது படிக்கறப்ப கத்துக்கிட்டது. மறந்தா போச்சு?"

அவள் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடிதம் எழுதவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய இன்ஜினீயர் ஒரு அம்மா. குரலை உயர்த்தமாட்டார், ஆனால் அவர் அறைக்குள் போகிறவர்கள் சட்டையைச் சரி செய்துகொண்டுதான் போவார்கள். ஒரு நாற்காலியில் முதலாளி. இன்னொன்றில் உதவிப் பொறியாளர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. நான் நின்றேன்.

"எல்லாரும் இறங்கியாச்சுன்னு உங்களுக்குச் சொன்னாங்களா?" என்றார் அம்மா.

"சொன்னாங்கம்மா. மூணு பேர் சொன்னாங்க."

"நீங்க நம்பலையா?"

"நம்புனனுங்கம்மா."

"நம்பிட்டும் ஏன் போடல?"

"என்ற நம்பிக்கை தப்பா இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கம்மா. அடிபடறது பீட்டருங்க. அவருக்குப் பதிலா நான் எப்படிங்க நம்பறது?"

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நாளைக்கு இதே மாதிரி நான் போன் பண்ணிப் போடச் சொன்னா?"

உதவிப் பொறியாளரின் கைக்குட்டை கழுத்திலேயே நின்றுவிட்டது. என் வேலை நிற்பதும் போவதும் இந்தப் பதிலில்தான் என்று எனக்குத் தெரிந்தது. போர்மேன் சொல்லித்தான் செய்தேன் என்று அவர் தலையில் கட்டியிருக்கலாம். தோன்றவே இல்லை.

"உங்களுக்கும் போட மாட்டனுங்கம்மா."

இந்த இடத்தில் முதலாளி பொறுக்காமல் குறுக்கே வந்தார். "பாத்தீங்களாங்க? இப்படித்தான் பேசறான். என்ற மில்லுல பதினஞ்சு வருசம் இருந்தவன் இவன். ஒரு நாள் என்ற பேச்சத் தட்டுனதில்ல. மாட்டேங்கற வார்த்தையே இவன் வாயில வந்ததில்ல. இங்க வந்த பொறகுதான் இப்படிக் கெட்டுபோயிட்டான்."

அம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க எதைச் சொன்னாலும் செய்வாருங்களா?"

"செய்வானுங்க."

"கரண்ட் ஓடற போர்டுல கை வெக்கச் சொன்னாலும்?"

முதலாளி பதில் சொல்ல வாயெடுத்தவர் என்னைப் பார்த்தார். கடிகாரம் என் கையில்தான் இருந்தது. "அவசரத்துக்கு எல்லா மில்லுலயும் அப்படித்தானுங்க" என்றார், குரல் இறங்கி.

"அப்ப நல்ல ஆளை இழந்துட்டீங்க" என்றார் அம்மா. "உங்க நஷ்டத்துக்கு நான் வருத்தப்படறேன். ஆனா சுவிட்சுக்குக் கீழ நிக்கறதுக்கு எனக்கு இந்த மாதிரி ஆளுதான் வேணும்." பிறகு உதவிப் பொறியாளரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் இருங்க, உங்ககிட்டப் பேசணும்" என்றார். என்னைப் போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். அறைக்குள் நின்றுதான் பேசினேன், அதுதான் கணக்கு.

கம்பெனியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே கஷ்டமாக இருப்பது கம்பமோ வெயிலோ இல்லை. அங்கே ஒரு மனிதரைத் திருப்திப்படுத்தினால் போதும். அவர் சிரித்தால் நீங்கள் நல்ல வேலைக்காரர். இங்கே உங்களைப் பார்த்து யாரும் சிரிக்காத நாளில்தான் சில சமயம் நீங்கள் சரியாக வேலை செய்திருப்பீர்கள். மேலே யாரும் இல்லாதபோதும் நீங்கள் காத்து நின்றிருக்கலாம். அது வீண் இல்லை. மேலே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நேரத்தில் நின்றீர்களா என்பதுதான் கேள்வி. மேலே ஆள் இருப்பது தெரிந்த பிறகு நிற்பதற்கு யாருக்கும் சம்பளம் வேண்டாம்.

உங்களில் வேகமானவர்கள் இருக்கிறீர்கள். சந்தோஷம். நானும் வேகமானவன்தான், என்னைவிட வேகமானவரை இன்னும் பார்க்கவில்லை. வேகத்தைக் கம்பத்தில் காட்டுங்கள், சுவிட்சில் காட்டாதீர்கள்.

விசாரணை முடிந்து நான் வெளியே வந்தபோது ஆபீஸ் வாசலில் முதலாளியின் கார் நின்றிருந்தது. அவரும் பின்னாலேயே வந்தார். நான் ஒதுங்கி வழி விட்டேன். கார் கதவில் கை வைத்தவர் நின்றார்.

"புதுசா ஒருத்தன வெச்சிருக்கறேன். பேனல் போர்டு முன்னால நின்னுட்டு அழுவறான். ஞாயித்துக்கெழம வந்து பாத்துக் குடுத்துட்டுப் போ."

அவர் கேட்ட விதம் பழைய விதமேதான். நடந்தது எதுவும் நடக்காத மாதிரி. எனக்கு அவர் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. ஆனால் நம் வேலையில் இருந்துகொண்டு வெளியே போய் வேலை செய்யக் கூடாது.

"மாட்டனுங்க மொதலாளி" என்றேன். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா, இங்க வந்து இந்த ஒரு வார்த்தையத்தான் கத்துக்கிட்டயா?"

"அதுக்குத்தானுங்க சம்பளம் குடுக்கறாங்க."

கார் போய்விட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு செக்ஷனுக்குப் போனேன். மத்தியானம் ஏற வேண்டிய கம்பம் இரண்டு இருந்தது.